ஒரு படகு எங்கே முடிகிறது?

ஒரு படகின் நீளம் என்ன என்று யாராவது கேட்டால் நமக்குச் சிரிப்புதான் வரும். டேப்பை எடுத்து இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பிடித்தால் தெரிந்துவிடப் போகிறது. இதில் கேட்க என்ன இருக்கிறது?

ஆனால் படகையும் கப்பலையும் எப்படி அளப்பது என்ற கேள்விக்காக மனிதர்கள் பல நூற்றாண்டுகளாகச் சண்டை போட்டிருக்கிறார்கள். கோர்ட்டுக்குப் போயிருக்கிறார்கள். ஒருமுறை ஒரு கால்வாயைப் பிடிக்கப் படையே கிளம்பியது. ஒரு படகு வடிவமைப்பாளர் தன் உயிரையே விட்டார். காரணம் எல்லாவற்றிலும் ஒன்றுதான். அளவு வந்தால் பின்னாலேயே கட்டணம் வரும்.

இந்த வரலாற்றை நான் படிக்க ஆரம்பித்தது ஒரு சின்னக் குழப்பத்தால். 2021 மார்ச்சில் எவர் கிவன் கப்பல் சூயஸ் கால்வாயில் ஆறு நாள் குறுக்கே மாட்டிக்கொண்டு நின்றதே, ஞாபகம் இருக்கும். அதன் நீளம் 399.94 மீட்டர் என்று போட்டிருந்தார்கள். ஏன் நானூறு இல்லை? தேடிப் பார்த்தால், அந்த வகையிலுள்ள பெரிய கன்டெய்னர் கப்பல்கள் பலவும் 399.9 மீட்டரில் வந்து நிற்கின்றன. கடலுக்கு 399.9 என்று ஓர் எண் தெரியாது. அலைக்கும் காற்றுக்கும் பத்து சென்டிமீட்டர் ஒரு பொருட்டில்லை. அந்த எண் கடலிலிருந்து வரவில்லை, கரையிலிருந்து வந்தது. துறைமுகங்களும் கால்வாய்களும் எழுதிய விதிகளிலிருந்து வந்தது.

முழம் யாருடையது?

முதலில் சின்னப் படகிலிருந்து ஆரம்பிக்கலாம்.

நமக்கு மெரினா என்றால் கடற்கரை, சுண்டல், குதிரை. கிரான்ட் டஃப் மதராஸ் கவர்னராக இருந்த 1880களில், சிசிலியின் ஞாபகத்தில் வைத்த பெயர் அது. இத்தாலிய மொழியில் 'கடல் சார்ந்தது' என்று பொருள். ஆனால் உலகின் மற்ற பக்கங்களில் இன்று மெரினா என்றால் படகு நிறுத்துமிடம். பாய்மரப் படகு வைத்திருப்பவர்கள் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் வாடகை கொடுத்துப் படகைக் கட்டிவைக்கும் இடம். நம் ஊரில் பைக் ஸ்டாண்டு மாதிரி, ஆனால் தண்ணீரில்.

பெரும்பாலான மெரினாக்களில் வாடகை மீட்டர் கணக்கு. ஒரு மீட்டருக்கு இவ்வளவு என்று. அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. ஒரு படகை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் உடல் மட்டும் 11.9 மீட்டர். அணியம் என்று நம் கடற்கரையில் சொல்கிற முன்முனையில், நங்கூரம் அரை மீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. பின்னால் குளிக்க இறங்கும் படி ஒன்று. அதற்கும் பின்னால், இரண்டு இரும்புக் கைகளில் தொங்குகிற சின்ன ரப்பர் படகு. இப்போது இந்தப் படகு எங்கே முடிகிறது?

உரிமையாளர், "உடம்பு எங்க முடியுதோ அங்கதாங்க படகு முடியுது. நங்கூரத்தை நான் எடுத்து உள்ள வச்சிட்டா?" என்பார். மெரினாக்காரர், "நீங்க எடுத்து வைக்க மாட்டீங்க சார். பக்கத்துல இன்னொரு படகு திரும்புறப்போ உங்க நங்கூரம்தான் அதைக் கீறும். நீங்க பிடிச்சிருக்கிற தண்ணி எவ்வளவோ அதுக்குத்தான் காசு" என்பார். இரண்டு பேர் சொல்வதும் சரிதான். நான் கற்பனையில் எழுதிய உரையாடல் இது, ஆனால் படகு கட்டிவைக்கிற ஊர்களிலெல்லாம் ஏதோ ஒரு மொழியில் இது நடந்துகொண்டே இருக்கிறது.

சர்வதேசத் தர நிர்ணய அமைப்பு இதற்கென்றே ஐஎஸ்ஓ 8666 என்று ஒரு ஆவணம் வைத்திருக்கிறது. அது சண்டையைத் தீர்த்துவிட்டதா என்றால், இல்லை. அது இரண்டு நீளங்களைக் கொடுத்தது. ஒன்று உடல் நீளம். கழற்றினால் படகின் உறுதி குறையாத பாகங்களை அதில் சேர்ப்பதில்லை. இன்னொன்று, எல்லாம் சேர்த்த அதிகபட்ச நீளம். படகை விற்பவர் எந்த அளவைச் சொல்வது, நிறுத்துமிடம் எந்த அளவுக்குப் பில் போடுவது என்பது அவரவர் விருப்பம். போதாக்குறைக்கு மாடல் பெயரிலேயே '40', '42' என்று அடி எண்ணைத் தாங்கிய படகுகள் வேறு. அந்த எண் விளம்பரத்துக்கானது. டேப்புக்கும் அதற்கும் பல நேரம் சம்பந்தமில்லை.

நம் தெருவில் பூ வாங்கும்போது நடப்பதுதான் இது. "என்னக்கா, இது ஒரு முழமா? கையை நல்லா நீட்டி அளங்க." "என் கை இவ்ளோதான் தம்பி." முழம் என்பது ஓர் அளவு என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். பூக்கடையில் நின்றால்தான் அது ஒரு பேரம் என்று புரிகிறது. யாருடைய கை, எந்த விரலிலிருந்து, நீட்டியா மடக்கியா என்பதையெல்லாம் யாரோ முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. கப்பல் வரலாற்றில் அந்த முடிவுகளைச் சட்டங்களும் நீதிமன்றங்களும் செய்தன. அந்த முடிவுகள் கப்பலின் உருவத்தையே மாற்றின.

பீப்பாயிலிருந்து வந்த டன்

'இரண்டு லட்சம் டன் எடையுள்ள கப்பல்' என்று பத்திரிகையில் படிக்கிறோம். பல நேரங்களில் அந்த டன் எடையே இல்லை. அது கொள்ளளவு. அதற்கும் முன்னால் அது ஒரு பீப்பாய்.

மத்திய காலத்தில் பிரான்சின் போர்தோவிலிருந்து இங்கிலாந்துக்குத் திராட்சை மது கப்பல் கப்பலாகப் போனது. பெரிய பீப்பாய்க்கு 'டன்' என்று பெயர். 252 காலன் மது பிடிக்கும். ஒரு கப்பல் எத்தனை பீப்பாய் ஏற்றும் என்பதுதான் அதன் 'டன்னேஜ்'. நூறு டன் கப்பல் என்றால் நூறு பீப்பாய் ஏற்றும் கப்பல். எண்ணினால் போதும், அளக்க வேண்டாம்.

பழைய தமிழ்த் துறைமுகத்திலும் சரக்கைத்தான் பார்த்தார்கள். காவிரிப்பூம்பட்டினத்தில் மூட்டைகளுக்குப் புலிச் சின்னம் பொறித்துச் சுங்கம் வாங்கியதைப் பட்டினப்பாலை சொல்கிறது. எல்லோரும் மது மட்டுமே ஏற்றினால், அல்லது ஒவ்வொரு மூட்டையையும் பார்க்க ஆள் இருந்தால், இந்த முறை சரியாக ஓடும். நிலக்கரியும் மரமும் உப்பும் கலந்து வரும்போது என்ன செய்வது? வெறும் கப்பலைப் பார்த்தே 'இது இத்தனை டன்' என்று சொல்ல ஒரு வழி வேண்டியிருந்தது.

1582ல் இங்கிலாந்தின் கப்பல் கட்டும் ஆசாரி மாத்யூ பேக்கர் ஒரு கணக்கைக் கொடுத்தார். அடிமரத்தின் நீளம், அகலம், ஆழம் மூன்றையும் பெருக்கி நூறால் வகுத்தால் டன். எளிமையானது, பரவாயில்லாத அளவுக்குச் சரியானது. ஆனால் சரக்கு ஏற்றிய கப்பலில் ஆழத்தை எப்படி அளப்பது? உள்ளே போய்ப் பார்க்க எல்லாவற்றையும் இறக்க வேண்டும். அதிகாரிக்கு அது தலைவலி. அகலத்தைப் பார்த்தால் ஆழம் தெரியாதா என்ன? வழக்கமாக ஆழம் அகலத்தில் பாதிதானே இருக்கும்?

1773ல் வந்த சட்டம் இதையே விதியாக்கியது. நீளத்திலிருந்து அகலத்தில் ஐந்தில் மூன்று பங்கைக் கழி. அதை அகலத்தால் பெருக்கு. மறுபடி அகலத்தில் பாதியால் பெருக்கு. 94ஆல் வகு. ஆழம் என்ற சொல்லே கணக்கில் இல்லை.

நூறடி நீளம், இருபத்தைந்தடி அகலமுள்ள கப்பலுக்கு இந்தக் கணக்கில் சுமார் 282 டன் வரும். ஆழம் பன்னிரண்டடி இருந்தாலும் 282. இருபதடி இருந்தாலும் 282. துறைமுகக் கட்டணம், கலங்கரை விளக்கக் கட்டணம் எல்லாம் இந்த எண்ணுக்குத்தான்.

நீங்கள் கப்பல் முதலாளியாக இருந்தால் என்ன செய்வீர்கள்? அவர்களும் அதையே செய்தார்கள். அகலத்தைக் குறைத்தார்கள், ஆழத்தைக் கூட்டினார்கள். அகலம் இரண்டு முறை பெருக்கப்படுவதால் ஓர் அடி குறைத்தாலே நல்ல லாபம். விளைவாக, பெட்டி மாதிரி ஆழமான, குறுகலான, மந்தமான கப்பல்கள் பெருகின. குறுகலான ஆழமான கப்பல் எளிதில் சாயும். இது கப்பல் கட்டியவர்களுக்குத் தெரியாத விஷயமில்லை. ஆனாலும் அறுபது ஆண்டுகளுக்கு மேல் இந்த விதி நின்றது. முதலாளிக்குக் கட்டணம் மிச்சம், அதிகாரிக்கு வேலை மிச்சம். சாய்கிற கப்பலில் இருந்தவர்களை யாரும் கேட்கவில்லை.

தப்பித்தலின் அழகு

1836ல் புதிய விதி அமலுக்கு வந்தது. இம்முறை ஆழத்தையும் சேர்த்தார்கள். நீளத்தை எங்கே அளப்பது என்பதையும் கவனமாக எழுதினார்கள். கப்பலின் நடு ஆழத்தில் பாதி உயரத்தில் முன்னிருந்து பின்வரை அளக்க வேண்டும்.

ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் அலெக்சாண்டர் ஹால் கம்பெனி இந்த வரியைக் கவனமாகப் படித்தது. பாதி உயரத்தில் அளக்கிறார்கள் என்றால், அதற்கு மேலே கப்பல் எவ்வளவு முன்னால் நீண்டாலும் கணக்கில் வராது! அணியத்தைச் செங்குத்தாக வைக்காமல், மேலே போகப்போக முன்னோக்கிச் சாய்த்துவிட்டால்? மேல்தளம் நீளும், டன் கூடாது. மாதிரிகளைக் கண்ணாடித் தொட்டியில் விட்டுப் பார்த்தார்கள். 1839ல் 'ஸ்காட்டிஷ் மெய்ட்' கடலில் இறங்கியது.

அப்போதுதான் எதிர்பாராத ஒன்று நடந்தது. அந்தச் சாய்ந்த கூர்மையான அணியம் தண்ணீரை வெட்டிக்கொண்டு போனது. கடற்கரையோர நீராவிக் கப்பல்களோடு போட்டி போடும் வேகம். 'அபர்டீன் அணியம்' என்று பெயர் வந்தது. பின்னால் சீனத் தேயிலையைச் சுமந்து லண்டனுக்கு ஓடிய பிரிட்டிஷ் கிளிப்பர் கப்பல்களின் வம்சத்தில் இதற்கு முக்கியமான இடம் உண்டு. நாம் காலண்டரில் பார்த்து ரசிக்கிற அந்தப் பாய்மரக் கப்பல்களின் மூக்குக்குப் பின்னால் ஒரு கட்டண ஓட்டை இருக்கிறது.

விதியை ஏய்ப்பது எப்போதும் கெட்டதுதான் என்று சொல்லிவிட முடியாதபடி இந்தக் கதை என்னைத் தடுக்கிறது. ஆனால் இதே தந்திரத்துக்கு வேறொரு முகமும் உண்டு.

ஊனா

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பணக்கார ஆங்கிலேயர்கள் பாய்மரப் படகுப் பந்தயத்தில் இறங்கினார்கள். பெரிய படகும் சின்னப் படகும் சமமாக மோத வேண்டுமே? அதற்கு 'இத்தனை டன் வகுப்பு' என்று பிரித்தார்கள். எந்த டன்? பழைய சுங்கக் கணக்கின் பேரப்பிள்ளைதான். அகலத்துக்கு அதிகத் தண்டனை கொடுக்கும் குணம் அப்படியே ஒட்டிக்கொண்டு வந்தது. படகின் வேகத்துக்கு நீளம் வேண்டும். நீளம் வேண்டுமென்றால் அகலத்தைத் தியாகம் செய்ய வேண்டும். ஒவ்வொரு வருடமும் படகுகள் ஒல்லியாகிக்கொண்டே போயின. 'நட்டுவைத்த பலகை' என்று கிண்டல் செய்யும் அளவுக்கு.

1886ல் வில்லியம் எவான்ஸ் பேட்டன் என்ற வடிவமைப்பாளர் ஐந்து டன் வகுப்புக்கு 'ஊனா' என்ற படகை உருவாக்கினார். நீர்மட்டத்தில் நீளம் சுமார் 34 அடி, அகலம் ஐந்தரை அடி. நம் வீட்டு ஹாலில் இரண்டு பேர் எதிரெதிரே கால் நீட்டி உட்கார்ந்தால் அந்த அகலம் முடிந்துவிடும். புதுப் படகை அயர்லாந்துக்கு ஓட்டிச் சென்றபோது புயலில் சிக்கி டப்ளின் அருகே கரையில் மோதி நொறுங்கியது. படகிலிருந்த எல்லோரும் இறந்தார்கள். பேட்டனும்.

வருடா வருடம் ஆயிரக்கணக்கான படகுகள் புயலில் போகின்றன, ஓர் அளவு விதிதான் ஊனாவை மூழ்கடித்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த விதி இல்லாமல் எந்தப் படகு ஆசாரியும் 34 அடி நீளத்துக்கு ஐந்தரை அடி அகலம் வைத்திருக்க மாட்டார். அது கடலுக்காக வரையப்பட்ட படகில்லை, ஒரு வகுத்தல் கணக்கின் விடை. அடுத்த ஆண்டுகளில் பந்தய விதி மாறியது. புதிய விதி நீர்மட்ட நீளத்தையும் பாயின் பரப்பையும் மட்டும் பார்த்தது, அகலத்தைத் தண்டிக்கவில்லை. படகுகள் மறுபடி அகலமாயின.

சூயஸுக்குப் போன படை

பெரிய கப்பல்களின் பக்கம் திரும்புவோம். 1854ல் ஜார்ஜ் மூர்சம் என்பவரின் முறை பிரிட்டிஷ் சட்டமானது. இனிக் குறுக்குவழி இல்லை, கப்பலின் உட்பகுதியை உண்மையாகவே கனஅளவாக அளப்பது. அதை எத்தனையால் வகுத்து டன் ஆக்குவது? பிரிட்டிஷ் கப்பல்களின் மொத்தக் கன அடியைப் பழைய மொத்த டன்னால் வகுத்துப் பார்த்தார்கள். 98 சொச்சம் வந்தது. நூறு என்று முழுமையாக்கிக்கொண்டார்கள். அன்றிலிருந்து நூறு கன அடி ஒரு டன். மொத்த வசூல் ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது என்பதற்காகப் பிறந்த எண் அது.

நியாயமான முறைதான். ஆனால் நீராவிக் கப்பலில் என்ஜின் அறை சரக்கு ஏற்றாதே, அதற்கு ஏன் கட்டணம் என்று கேள்வி வந்தது. சரி, கழித்துக்கொள்ளலாம் என்றார்கள். எவ்வளவு? என்ஜின் அறை மொத்தத்தில் 13 சதவீதத்துக்கு மேல், 20 சதவீதத்துக்குள் இருந்தால், மொத்தத்தில் 32 சதவீதம் கழிவு. அதாவது ஆயிரம் டன் கப்பலில் என்ஜின் 131 டன் இடம் எடுத்தால் 320 டன் கழிவு. அப்புறம் என்ன, என்ஜின் அறைகள் எல்லாம் பதின்மூன்றைச் சற்றே தாண்டி நின்றன. உடல் முழுக்க என்ஜினாக இருக்கும் சில இழுவைப் படகுகளுக்கு, கழித்துப் பார்த்தால் நிகர டன் பூஜ்யத்துக்கும் கீழே போனது. பூஜ்யத்துக்குக் கீழே ஒரு படகு!

1869ல் சூயஸ் கால்வாய் திறந்தது. ஒரு டன்னுக்குப் பத்து ஃபிராங்க் வாங்கலாம் என்று அனுமதிப் பத்திரம் சொன்னது. எந்த டன் என்று தெளிவாகச் சொல்லவில்லை. ஆரம்பத்தில் கழிவு போன நிகர டன்னுக்கு வசூலித்தார்கள். கம்பெனி கடனில் தள்ளாடியது. கால்வாயை வெட்டிய ஃபெர்டினான்ட் டி லெசெப்ஸ் கணக்கைப் பார்த்தார். கப்பல்கள் தாங்கள் சொல்கிற டன்னைவிட எவ்வளவோ அதிகம் ஏற்றிக்கொண்டு போகின்றன. 1872ல் விதியை மாற்றினார். இனிக் கழிவில்லாத மொத்த டன்னுக்குப் பத்து ஃபிராங்க்.

கட்டணத்தைத் தொடாமலேயே கட்டணத்தை ஏற்றிவிட்டார். கப்பல் கம்பெனிகள் கொதித்தன. பிரெஞ்சுக் கம்பெனியே வழக்குப் போட்டது. கடைசியில் 1873ல் பல நாட்டுப் பிரதிநிதிகள் கான்ஸ்டான்டினோபிளில் கூடி, சூயஸுக்கென்று தனியாக ஒரு டன்னை உருவாக்கினார்கள். லெசெப்ஸ் ஏற்க மறுத்தார். கால்வாயையே மூடுவேன் என்றார். ஒட்டோமான் சுல்தானின் உத்தரவில் எகிப்தின் கெதீவ் இஸ்மாயில் படையை அனுப்பினார். 1874 ஏப்ரலில் லெசெப்ஸ் எதிர்ப்பைப் பதிவு செய்துவிட்டுப் பணிந்தார்.

டன் என்றால் என்ன என்ற கேள்விக்குத் துப்பாக்கி பதில் சொன்னது. அந்தச் 'சூயஸ் டன்' இன்றும் உயிரோடு இருக்கிறது. கால்வாயைக் கடக்கும் கப்பல் அதற்கெனத் தனிச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். எவர் கிவனும் அப்படித்தான் போனது.

எல்லோரும் இப்படி அளவில் மாட்டிக்கொள்ளவில்லை. அமெரிக்காவின் ஈரி கால்வாயில் படகையே தராசில் தூக்கி வைத்தார்கள். சிராக்யூஸ் நகரத்தில் 1850ல் கட்டிய அந்த எடைக்கூடம் இன்று அருங்காட்சியகம். படகு உள்ளே வந்ததும் கதவை அடைத்துத் தண்ணீரை வடித்துவிடுவார்கள். படகு தராசில் உட்காரும். வெறும் படகின் எடையைக் கழித்தால் சரக்கு. டென்மார்க் அரசர் இன்னும் சாமர்த்தியம். ஹெல்சிங்கோர் நீரிணையைக் கடக்கும் கப்பல் தன் சரக்கின் மதிப்பைத் தானே சொல்லலாம். ஆனால் சொன்ன விலைக்கு அரசர் விரும்பினால் சரக்கை வாங்கிக்கொள்வார். குறைத்துச் சொன்னால் சரக்கு போய்விடும், கூட்டிச் சொன்னால் கட்டணம் ஏறும். எனக்குத் தெரிந்து டேப் இல்லாமல் உண்மையை வரவழைத்த ஒரே முறை இதுதான்.

மாலுமியின் கன அடி

இதுவரை சொன்னதில் முதலாளிகளும் அதிகாரிகளும்தான் பேசினார்கள். நான் அதிகம் யோசித்த பக்கம் இனிமேல்தான் வருகிறது.

1867ல் பிரிட்டன் ஒரு நல்ல காரியம் செய்தது. மாலுமிகள் தூங்கும் இடத்தை டன் கணக்கிலிருந்து கழித்துக்கொள்ளலாம், ஆனால் ஒரு நிபந்தனை. ஒவ்வொரு மாலுமிக்கும் குறைந்தது 72 கன அடி இடமும் 12 சதுர அடித் தரையும் இருக்க வேண்டும். நாலடிக்கு மூன்றடி. இன்று கேட்டால் கொடுமையாகத் தெரியும். ஆனால் அளவு விதியை ஒரு மனிதனுக்கு இடம் வாங்கித்தரப் பயன்படுத்திய தருணம் அது. மாலுமிக்கு இடம் கொடு, கட்டணம் குறைகிறது.

எந்த மாலுமிக்கு என்று கேட்க வேண்டும். அதே பிரிட்டிஷ் கொடியின் கீழ் வங்காளத்திலிருந்தும் குஜராத்திலிருந்தும் கொங்கணத்திலிருந்தும் போன லஸ்கர்கள் கரி அள்ளிப்போட்டார்கள், தளம் கழுவினார்கள். இந்தியச் சட்டம் லஸ்கருக்கு 36 கன அடி போதும் என்றது. சரியாகப் பாதி. 1906ல் பிரிட்டிஷ் மாலுமியின் இடம் 120 கன அடியாக உயர்ந்தபோது லஸ்கர் அந்த உயர்வுக்கு வெளியே நிறுத்தப்பட்டார். அவர் உடம்பு சின்னது, குளிர் நாட்டுக்காரன் போல அவருக்கு இடம் தேவையில்லை என்கிற மாதிரி நியாயங்கள் அந்தக் காலத்தில் சகஜம். பூக்காரம்மாவின் முழத்தில் கை மட்டும்தான் மாறுகிறது. இங்கே அளக்கப்படுகிறவனின் நிறத்துக்கேற்ப அடியே மாறியது.

நூறாண்டு கழித்து உலகம் ஒரே அளவுக்கு வந்தது. 1969ல் லண்டனில் கையெழுத்தாகி 1982ல் அமலான சர்வதேச ஒப்பந்தம், மூடிய இடம் முழுவதையும் மொத்த டன்னில் சேர்த்தது. கழிவு கிடையாது, ஓட்டை கிடையாது. அதற்கு முன் பல கப்பல்களில் மேல்தளத்தில் வேண்டுமென்றே ஒரு திறப்பை விட்டு, 'இது மூடிய இடமில்லை' என்று கணக்குக் காட்டிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் புகக்கூடிய திறப்பு! கட்டணத்துக்காகக் கப்பலில் ஓட்டை வைத்த காலம் அதோடு முடிந்தது. அந்த வகையில் பெரிய முன்னேற்றம்தான்.

ஆனால் மூடிய இடம் எல்லாம் கணக்கு என்றால், மாலுமியின் அறையும் கணக்கு. பயிற்சிக்கு வரும் இளைஞனுக்கு ஓர் அறை கூடுதலாக வைத்தால் டன் ஏறும். டன் ஏறினால் அந்தக் கப்பல் வாழ்நாள் முழுவதும் தொடும் ஒவ்வொரு துறைமுகத்திலும் கட்டணம் ஏறும். அதேசமயம் மேல்தளத்தில் திறந்தவெளியில் அடுக்கிய கன்டெய்னர்கள் டன்னில் வருவதில்லை. பெட்டிக்கு இலவசம், கட்டிலுக்குக் கட்டணம். கப்பலின் சட்டபூர்வக் குறைந்தபட்சத்துக்கு மேல் மாலுமிக்கு ஒரு ஜன்னல் சேர்க்க நினைக்கும் முதலாளியையும் விதி தடுக்கிறது. இது யாரும் திட்டமிட்டுச் செய்ததில்லை. நியாயமான, எளிமையான ஓர் அளவின் மறுபக்கம்.

பதினான்கு நாள் வீடு

மறுபடியும் சின்னப் படகுக்கு வருவோம். அலாஸ்காவில் வலைவீசும் சால்மன் படகுகளுக்கு 58 அடி என்று நீள உச்சவரம்பு உண்டு. பிரிஸ்டல் பேயில் 32 அடி. நீளம் கூடக் கூடாதென்றால்? படகுகள் குண்டாகின. நீளத்தில் பாதி அகலம் என்கிற அளவுக்கு வந்துவிட்டன. 1773ன் கதை தலைகீழாக. சொகுசு யாட்டுகளின் உலகில் 499 டன் என்ற எண் மறுபடி மறுபடி வரும். ஐந்நூறைத் தொட்டால் கூடுதல் விதிகள். இவையெல்லாம் காசுள்ளவர்கள் ஆடும் ஆட்டம். அவர்களுக்கு வடிவமைப்பாளர் உண்டு, வக்கீல் உண்டு.

இங்கிலாந்தின் கால்வாய்களில் படகையே வீடாக்கி வாழ்பவர்களுக்கு அப்படி யாரும் இல்லை. லண்டன் மாதிரி நகரத்தில் வீட்டு வாடகை கட்ட முடியாதவர்கள் பலர் இப்படி வந்தவர்கள். படகின் அகலத்தைப் பதினெட்டாம் நூற்றாண்டின் கால்வாய்ப் பூட்டுகள் முடிவு செய்துவிட்டன, சுமார் ஏழடி. எல்லாப் பூட்டிலும் நுழைய வேண்டுமென்றால் நீளமும் 57 அடிக்குள். உரிமக் கட்டணம் நீளத்துக்கு. 2020லிருந்து அகலமான படகுக்குக் கூடுதல் கட்டணம் சேர்ந்தது. 2024லிருந்து, நிரந்தர நிறுத்துமிடம் இல்லாத படகுகளுக்கு இன்னொரு கூடுதல். இந்த இரண்டாம் வகையினர் சட்டப்படி ஒரே இடத்தில் பதினான்கு நாளுக்கு மேல் நிற்கக் கூடாது. நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும்.

கால்வாயைப் பராமரிக்கும் அறக்கட்டளை சொல்வது: கரைகள் இடிகின்றன, பூட்டுகள் பழையவை, அதிகம் பயன்படுத்துபவர் அதிகம் தரட்டும். படகுவாசிகள் சொல்வது: நிறுத்துமிடம் இல்லாததால்தானே நகர்ந்துகொண்டிருக்கிறோம், இல்லாமைக்கே கட்டணமா? முதல் வாதத்தை நான் ஒதுக்கிவிட மாட்டேன். இருநூறு வருடக் கால்வாய் சும்மா ஓடாது. ஆனால் கவனியுங்கள், இங்கே அளவு படகை விட்டே வெளியேறிவிட்டது. முதலில் நீளம், அப்புறம் அகலம், இப்போது அந்தப் படகில் இருப்பவர் எப்படி வாழ்கிறார் என்பது.

இந்த வரலாற்றைப் படித்த பிறகு எனக்கு ஒரு பழக்கம் வந்திருக்கிறது. எங்கே ஓர் அளவைச் சொல்லிக் கட்டணம் கேட்டாலும், அது படகோ, வீட்டு வரியோ, ஆட்டோ மீட்டரோ, முதலில் எண்ணைப் பார்ப்பதில்லை. டேப் எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே நிற்கிறது என்று பார்க்கிறேன். பிறகு, டேப் எட்டாத இடத்தில் என்ன வளர்கிறது என்று பார்க்கிறேன். 1773ல் அங்கே ஆழம் வளர்ந்தது. 1839ல் அழகான ஒரு மூக்கு வளர்ந்தது. இன்றைய கப்பலில் கன்டெய்னர் வளர்கிறது. கடைசியாக, டேப்புக்கு உட்பட்ட இடத்தில் என்ன சுருங்குகிறது என்று பார்க்கிறேன். பெரும்பாலும் அங்கே யாரோ ஒருவர் படுத்துத் தூங்கிக்கொண்டிருக்கிறார்.